முன்வரிசையும் கழுவுதொட்டியும்: நம் ஆலயக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆலயக் குழுவின் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் கிறிஸ்துவுக்குள் ஸ்தோத்திரம்.

பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து நாம் நடத்தும் கால் கழுவும் ஆராதனைக்குத் தாம்பாளம், செம்பு, வெள்ளைத் துண்டு எல்லாம் எடுத்துவைப்பது 11 வருடமாக என் வேலை. யார் யார் காலைக் கழுவுவது என்று 12 பெயர்கள் முன்கூட்டியே முடிவாகிவிடும். எல்லோரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் வருகிறார்கள். பிறகு துண்டுகளை மடிக்கும்போது ஒன்றில்கூட அழுக்கு இருக்காது. போன மாதம் ஒரு ஞாயிறு நடந்ததைப் பார்த்ததிலிருந்து அந்தத் துண்டுகள் என் கண்ணிலேயே நிற்கின்றன.

அன்று, இரவு வேலையை முடித்துவிட்டு, நம் சிங்கப்பூரின் தொழிற்பேட்டைப் பகுதியான துவாஸிலிருந்து நேராக ஒரு தம்பி வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். பூட்ஸுக்குள்ளேயே கிடந்து வெளிறி ஊறிப்போன பாதங்கள், கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. முதல் பாட்டு முடிவதற்குள் நம்மவர் ஒருவர் அவர் தோளைத் தொட்டு, "தம்பி, இது ஞானஸ்நானக் குடும்பத்துக்கு, பின்னாடி போய் உட்காருங்க" என்றார். அவர் சிரித்தபடியே எழுந்து போய்விட்டார். அந்த வரிசையில் கடைசிவரை மூன்று இடம் காலியாகத்தான் இருந்தது. பக்கத்திலேயே பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த நான் வாய் திறக்கவில்லை. அது என் பாவம், ஆண்டவரிடம் அறிக்கையிட்டுவிட்டேன். உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

வேதாகமத்தில் யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இதையேதான் எழுதியிருக்கிறார். பொன்மோதிரம் போட்டு வருகிறவருக்கு நல்ல இடம், கந்தையோடு வருகிற ஏழைக்குக் கால்மாட்டில் இடம். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று அவர் சொல்வதும் அதே அதிகாரத்தில்தான். அதை மனப்பாடமாகச் சொல்கிறோம். மோதிரக்காரரைப் பற்றி நம் பிரசங்கத்தில் கேட்டு எத்தனை நாளாயிற்று?

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி இங்கே கூலி வேலைக்கு வந்தவர். உங்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒரு தாத்தா இருப்பார். இன்று லாரியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகிற தம்பிக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? 2020இல் கொரோனாவால் விடுதிகளில் வெளிநாட்டு ஊழியர்கள் அடைபட்டுக் கிடந்தபோது நாமும்தான் சோப்பும் போன் டாப்-அப் கார்டும் சேர்த்து அனுப்பினோம். நல்ல காரியம். ஆனால் அனுப்புவது சுலபம். பக்கத்தில் உட்காரவைப்பதுதான் நமக்கு வரமாட்டேன் என்கிறது.

அப்புறம், ஞாயிறு மதியச் சாப்பாடு. கழுவுதொட்டியில் யார் நிற்கிறார்கள் என்று ஒருநாள் வந்து பாருங்கள். பணிப்பெண்களாக வேலை செய்கிற நம் சகோதரிகள்தான். யாரும் சொல்லி அவர்கள் நிற்கவில்லை, பழகிய கை தானாகப் போகிறது. 2023இலிருந்து மாதத்துக்கு ஒரு நாளாவது அவர்களுக்குக் கட்டாயம் ஓய்வு தர வேண்டும், அந்த நாளுக்குப் பதிலாகக் காசு கொடுத்துச் சமாளிக்க முடியாது என்பது சட்டம். சிலருக்கு அந்த ஒரு நாள்தான் கிடைக்கிறது. அதையும் எடுத்துக்கொண்டு ஆலயத்துக்கு வந்து நம் தட்டைக் கழுவுகிறார்கள், நாம் மேசையில் உட்கார்ந்து பட்ஜெட் பேசுகிறோம்.

கால் கழுவுவது அன்றைக்கு அடிமை செய்கிற வேலை. அதனால்தான் சீடர் பேதுரு ஆண்டவரிடம் காலை நீட்ட மறுத்தார். ஆண்டவர் மேலங்கியைக் கழற்றிவைத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அதைச் செய்தார். நமக்கு அந்தத் துண்டு கழுவுதொட்டிப் பக்கத்திலேயே தொங்குகிறது. இந்த மாதத்திலிருந்து பாத்திரம் கழுவும் முறையைக் குழுவிலிருந்தே தொடங்குங்கள், ஆயர் ஐயா உட்பட. சகோதரிகள் உட்கார்ந்து சாப்பிடட்டும். முன்வரிசைகளில் ஒட்டியிருக்கிற பெயர்ச் சீட்டுகளையும் எடுத்துவிடலாம், சரிதானே?

இன்னொன்று. அந்தத் தம்பி அன்று கிளம்பும்போது, "அக்கா, இங்க தமிழ் பைபிள் கிடைக்குமா?" என்று கேட்டார். வாங்கி வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அவருடைய எண் என்னிடம் இருக்கிறது. நான் பேசுவதைவிட, அன்று அவர் தோளைத் தொட்டவரே பேசினால் நன்றாக இருக்கும். இரவு வேலை என்பதால் மாலை நான்கு மணிக்கு மேல் அழையுங்கள், அதற்கு முன் தூங்கிக்கொண்டிருப்பார்.

உங்கள் சகோதரி,
சபை அங்கத்தினர் ஒருவர்