சின்னவனுக்கு ராத்திரியில் அந்தப் படத்தைப் போடாதே

அன்பு மகன் செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. டோக்கியோவில் உன் வீட்டிலிருந்து ஊர் வந்து சேர்ந்து பத்தொன்பது நாளாகிறது. நீ இரண்டு தடவை பேசினாய். இரண்டு தடவையும் "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்டுவிட்டு, போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாய். சரி, வேலை இருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் குறைந்திருக்கிறது. மேலத்தெரு விஷயத்தில் நீ சொன்ன மாதிரியே சித்தப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் எழுத உட்கார்ந்தது சின்னவனைப் பற்றி. அந்த ஷின் அல்ட்ராமேன் படத்தை ராத்திரியில் அவனுக்குப் போடாதே. அறுபது மீட்டர் உயரத்தில் ஒருவன் வானத்திலிருந்து வந்து அசுரர்களை அடிக்கிறான், குழந்தைகள் படம்தானே என்று நானும் நினைத்தேன். அசுரர்களைப் பார்த்துச் சின்னவன் பயப்படவே இல்லை. மின்சாரத்தைத் தின்கிற அந்த ஜந்துவைப் பார்த்துச் சிரித்தான். பயந்தது ஸாரப் என்கிற அந்த வேற்றுக்கிரகத்தானைப் பார்த்துத்தான். முன்னாலிருந்து பார்த்தால் ஆள், பின்னாலிருந்து பார்த்தால் வெறும் கூடு. முதுகே கிடையாது. அன்றைக்கு ராத்திரி என் பக்கத்தில் படுத்தவன், என் பனியனுக்குள் கையை விட்டு முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். மறுநாள் உன் பின்னால் வந்து நின்று உன் முதுகையும் தொட்டுப் பார்த்தான். நீ லேப்டாப்பில் இருந்தாய். திரும்பவில்லை. உனக்குத் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன்.

அந்த அசாமி என்கிற பெண்ணைக் கட்டடத்துக்கு மேல் பெரிதாக்கிவிடுகிறார்களே, அதற்கும் அழுதான். நினைவில்லாத முகத்தோடு அவள் ஊருக்குள் நடக்கிறாள். நான் சமாதானம் சொல்லப் போனேன். முப்பத்தைந்து வருஷம் பிசிக்ஸ் எடுத்தவன் வாய் சும்மா இருக்குமா? "உயரம் 35 மடங்கு கூடினால் எடை 42,000 மடங்குக்கு மேல் கூடும், எலும்பின் குறுக்குப் பரப்போ 1,225 மடங்குதான், நிற்கவே முடியாது, எல்லாம் பொய்" என்றேன். "அப்போ அந்த அக்காவுக்குக் கால் முறிஞ்சிடுமா தாத்தா" என்று இன்னும் அழுதான். மருமகள் என்னைப் பார்த்த பார்வை உனக்கு நினைவிருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஒரு ராத்திரிதான் நீ தொடர்ந்து கால்மணி நேரம் பேசினாய். 1966இல் டிவியில் வந்த தொடர், அதை 2022இல் ஹிகுச்சி இயக்கி, அன்னோ எழுதி மறுபடி படமாக்கினார்கள் என்றெல்லாம் சொன்னாய். ஜப்பானிய வசனத்தை நீ அப்படியே தமிழில் சொல்லச் சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவிடம் இதுவரை நாலு தடவை சொல்லிவிட்டேன். பழைய அல்ட்ராமேனுக்கு மார்பில் ஒரு விளக்கு உண்டு, சக்தி தீரும்போது மினுக்கும், இந்தப் படத்தில் அதை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னாய். உடம்பில் இருக்கிற சிவப்புக் கோடுகள் பச்சையாக மாறுமாம், அவ்வளவுதான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. விளக்கை ஏன் எடுத்தார்கள்? விளக்கு இருந்தால் பார்க்கிற எல்லோருக்கும் தெரியுமே.

இன்னொரு இடம். ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போய், அசாமியோடு வேலை பார்க்கிற காமினாகா இறந்துவிடுகிறான். அவன் வடிவத்தில் அந்த அல்ட்ராமேன் ஆபீசுக்கு வருகிறான், பக்கத்து மேஜையில் உட்காருகிறான். யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் காட்டுக்குள் அவனே அந்த உடம்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நீ அப்போது எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாய். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி ஒரு மணி வரை முழித்திருக்காதே. பையனுக்கும் அந்தப் படத்தை ராத்திரியில் போடாதே.

கடைசியில் வருகிற ஸெட்டன் என்கிற அந்த ஆயுதம், லட்சம் கோடி டிகிரி நெருப்பு, அதெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை. சூரியனின் நடுவிலேயே ஒன்றரைக் கோடி டிகிரிதான். எனக்குப் பயமாக இருந்தது ஊஞ்சல். கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு மெஃபிலாஸ் என்கிற இன்னொரு வேற்றுக்கிரகத்தான் வருகிறான், விசிட்டிங் கார்டு நீட்டுகிறான், பழமொழி சொல்கிறான். இரண்டு பெரிய ஆட்கள் குழந்தைகள் விளையாடுகிற ஊஞ்சலில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிறார்கள்.

அங்கே உங்கள் நிஷிகசாயில் நான் காலையில் நடக்கப் போன வழியிலும் ஒரு பூங்கா இருக்கிறது. அங்கேயும் ஊஞ்சல் இருக்கிறது. பதினொரு மணிக்கு மேல், வேலை நாளில்கூட, ஆபீஸ் பையோடு பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஒரு வியாழக்கிழமை பார்த்தேன். அதன் பிறகு ரயிலடிப் பக்கமாகச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். அங்கே நடைபாதை நன்றாக இருக்கிறது.

1999 ஜூனில் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போடுகிற தொகை ஒன்று, கையில் வாங்குகிற தொகை ஒன்று. ஏன் என்று கேட்டேன். வேறு இடம் கிடைக்க அக்டோபர் ஆகிவிட்டது. அதுவரைக்கும் தினமும் எட்டேகாலுக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பி மாவட்ட மைய நூலகத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். ஒன்றாம் தேதி பெரியத்தானிடம் வாங்கிய பணத்தைச் சம்பளம் என்று அம்மா கையில் கொடுத்தேன். உன் சைக்கிள் அந்தப் பணத்தில் வந்ததுதான். ஆகஸ்டில் ஒரு நாள் உன் பள்ளியில் அரைநாள் விட்டார்கள். நான் நூலகப் படியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் நீ நின்றுகொண்டிருந்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது நீ இல்லை. அன்று சாயங்காலம், "இன்னைக்கு என்ன பாடம் எடுத்தீங்கப்பா" என்று கேட்டாய். "ஒளிவிலகல்" என்றேன். "ம்" என்றாய். அதற்கப்புறம் நீ என்னிடம் பாடத்தைப் பற்றிக் கேட்டதே இல்லை.

உனக்குப் பத்து வயது. அன்றைக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கலாம். சாதம்கூட மிச்சம் இருந்தது.

அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அதனால்தான் வாட்ஸப்பில் அனுப்பாமல் தபாலில் போடுகிறேன். தபால் ஆபீஸ் டெபாசிட் முதிர்ந்துவிட்டது, எடுத்து பேங்கில் போட்டிருக்கிறேன். இப்போதைக்கு எனக்கு அதில் ஒரு செலவும் இல்லை.

சாயங்காலம் நீ கதவைத் திறந்ததும் சின்னவன் "ஒக்காயெரி", வீட்டுக்குத் திரும்பி வந்தவரை வரவேற்கிற சொல், அதைக் கத்திக்கொண்டு ஓடி வருகிறானே, படத்தின் கடைசியிலும் கண் விழிக்கிறவனிடம் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். நானும் இங்கே தனியாகச் சொல்லிப் பார்த்தேன். நாக்கு புரளவில்லை.

டிசம்பரில்தான் வர வேண்டும் என்றில்லை. மாடி அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன். ஃபேன் மட்டும் சத்தம் போடுகிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா