பயமுறுத்தினால் நடப்பார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'உடற்பயிற்சி செய்யாவிட்டால் மாரடைப்பு வரும், சர்க்கரை நோய் வரும்' என்ற பாணியில்தான் பெரும்பாலான உடல்நல வாசகங்கள் இன்னமும் வருகின்றன. படிப்பவர் ஒரு நிமிடம் பயந்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். 'இது என்னால் முடியும்' என்ற நம்பிக்கையைச் சேர்த்துத் தராத பயம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற சமாதானத்தில்தான் போய் முடியும். நடந்தால் என்ன கிடைக்கும் என்று சொல்வதுதான் அதிகம் எடுபடும். அதிலும் இருபது ஆண்டு கழித்து வராமல் போகும் நோயைவிட, இன்று இரவு நன்றாகத் தூக்கம் வரும், மனம் லேசாகும் என்பவை சீக்கிரம் உறைக்கும்.

அடுத்து, அளவு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் இயக்கம் வேண்டும். தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும். இந்த இரண்டாவது பாதியைப் பல அறிவிப்புகள் விட்டுவிடுகின்றன. ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையும் அப்போதே எடுக்கப்பட்டுவிட்டது. 'தினமும் 10,000 அடி' என்பதோ 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடிகளை எண்ணும் கருவியான ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவிய எண். மூவாயிரம் அடி நடப்பவரிடம் போய் இதைச் சொன்னால் உள்ள ஆசையும் போய்விடும். இப்போது நடப்பதோடு ஓர் ஆயிரம் கூட்டுங்கள் என்றால் எழுந்து வருவார்.

'மிதமான' என்று மட்டும் போட்டால் யாருக்கும் விளங்காது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நிமிடத்துக்குச் சுமார் 100 அடி. இப்படி எழுதினால் கருவி எதுவும் வேண்டாம்.

ஆசை இருந்தும் செய்யாதவர்கள்தான் அதிகம் என்பதால், இனி சொல்வதே முக்கியம். 'நேரம் கிடைக்கும்போது நடப்பேன்' என்பவருக்கு நேரம் கிடைக்கவே கிடைக்காது. ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு புதியதை முடிச்சுப்போட வேண்டும்: 'மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் செருப்பை மாட்டிக்கொண்டு 10 நிமிடம் நடப்பேன். மழை பெய்தால் மாடிப்படியில் ஐந்து முறை ஏறி இறங்குவேன்.' தடை வந்தால் என்ன செய்வது என்ற அந்த இரண்டாவது வரி இல்லாத திட்டம் முதல் மழையோடு நின்றுபோகும். அந்த வரிகளை நாம் எழுதித் தருவதைவிட, படிப்பவரே எழுதிக்கொள்வது நல்லது.

எங்கே ஒட்டுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 'படியில் ஏறுங்கள்' என்ற அட்டை நுழைவாயில் அறிவிப்புப் பலகையில் இருந்து பயனில்லை. லிஃப்ட் பொத்தானுக்குப் பக்கத்தில், படி இருக்கும் திசைக்கு ஓர் அம்புக்குறியோடு இருக்க வேண்டும். முடிவு அங்கேதான் எடுக்கப்படுகிறது. படங்களிலும் கட்டுமஸ்தான இளைஞர்களே வேண்டாமே! ஐம்பது வயதுக்காரர் 'இது நமக்கில்லை' என்று நகர்ந்துவிடுவார்.

நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் ஒரு வரி கட்டாயம் வேண்டும். அதைத் தலைப்பில் போட்டு மிரட்ட வேண்டாம், கடைசியில் போதும்.

தங்கள் உடல்நலப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் ஒதுக்கலாம். 'எந்த வேலை முடிந்ததும்? எங்கே? எத்தனை நிமிடம்? தடை வந்தால்?' என்ற நான்கு கேள்விகளை மட்டும் அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே பேனாவால் எழுத இடம் விட்டால் போதும்.

இப்படிக்கு,
உடல்நல விழிப்புணர்வுப் பணியில் உள்ள வாசகர்கள்