வியாழக்கிழமைச் சண்டை

அன்புள்ள அம்மிணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதை அம்மா சமையலறையில் இருந்தபடியே கேட்டுவிட்டாள். "பிள்ளை குரலே சரியில்லை. போனில் நீங்கள் பாதியிலேயே கோபப்படுவீர்கள், எழுதிப் போடுங்கள்" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

மாதக் கடைசி வந்தாலே அசெம்ப்ளிக்காரரும் குவாலிட்டிக்காரரும் முட்டிக்கொள்கிறார்கள், இந்த முறை ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிடப் போகிறேன் என்றாய். புனே பக்கத்துச் சாகனில் உன் ஆலை எப்படி நடக்கிறது என்பது எனக்கு எங்கே தெரியும்? மாற்றாதே என்று உத்தரவு போட மாட்டேன். ஆனால் அதே காரியத்தைச் செய்துவிட்டு அசடு வழிந்தவன் நான். அந்தக் கதையை உனக்கு நான் சொன்னதே இல்லை.

1987இல் என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரியில் நாங்கள் பம்பின் வெளிக்கூடான கேசிங்கை வார்த்து, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மெஷின் ஷாப்புக்கு அனுப்புவோம். வார்ப்பு வெளியே வழவழவென்று இருக்கும். லேத்தில் ஏற்றி முதல் வெட்டு வெட்டிய பிறகுதான் தோலுக்கு அடியில் இருக்கும் காற்றுத் துளை, அதாவது 'புளோ ஹோல்', வாயைத் திறக்கும். உடனே லேத்காரர் அதைத் தூக்கிவந்து எங்கள் வாசலில் தொம்மென்று போடுவார். எங்கள் மோல்டிங் மேஸ்திரியும் லேசுப்பட்டவர் இல்லை. "அளவோடு வெட்டியிருந்தால் துளை தெரிந்தே இருக்காது" என்பார். இப்படி ஒரு நியாயத்தை நீ எங்காவது கேட்டிருக்கிறாயா?

வாரம் தவறாமல் இதே கூத்து. பொறுத்துப் பார்த்துவிட்டு மேஸ்திரியைப் பிசிறு தட்டும் பகுதிக்கு மாற்றினேன். அவர் இடத்துக்கு வந்தவர் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர். மூன்றாவது மாதம் அதே வாசலில் நின்று, அதே வார்த்தைகளை, பழையவரைவிட உரக்கக் கத்திக்கொண்டிருந்தார். ஆளை மாற்றினேன், சண்டை மாறவில்லை. அது அந்த நாற்காலியோடு ஒட்டிய சண்டை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு, சண்டை நடந்த நாளையெல்லாம் தினசரி காலண்டரில் பென்சிலால் சுழிக்க ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் செய்ததுதான், புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை. இரண்டு மாதத்துத் தாள்களைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் வியாழக்கிழமை. வியாழன் லேத்தில் ஏறுவது திங்கள் வார்த்தது. வார்ப்புக்கு உள்ளே வெற்றிடம் வர அச்சுக்குள் வைக்கும் மணல் உருவம்தான் கோர். திங்களன்று வைக்கும் கோர், சனிக்கிழமை செய்து அடுக்கியது. ஞாயிறு முழுக்க மணல் மேட்டுக்குப் பக்கத்தில் ஈரம் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. ஈரக் கோரின்மேல் உருகிய இரும்பு பட்டால் ஆவி எங்கே போகும்? இரும்புக்குள்ளேயே துளையாக உட்கார்ந்துகொள்ளும். திங்கள் காலையில் கோரை மறுபடி அடுப்பில் காய வைத்த பிறகே அச்சில் இறக்க வேண்டும் என்று சொன்னேன். கழிவு பாதிக்கும் மேல் குறைந்தது. அந்த இருவர் கத்தியிராவிட்டால் அந்த ஈரத்தை யார் கண்டுபிடித்திருப்பார்கள்? நானா? நான் அந்த மணல் மேட்டைத் தினமும் தாண்டிப் போனவன்.

சண்டை குறைந்ததே தவிர நிற்கவில்லை. மீதிக் காரணம் எனக்குப் பிடிபட இன்னும் ஓர் ஆண்டு ஆனது. லேத்காரர்களுக்கு பீஸ் ரேட் கூலி, கடைந்து முடித்த உருப்படிக்கு இவ்வளவு என்று. அரை மணி நேரம் கடைந்த பிறகு துளை தெரிந்தால் அந்த கேசிங்குக்குக் கூலி கிடையாது. ஆக, எங்கள் தவறுக்கு அவர் வீட்டு அரிசியில் கை வைத்துக்கொண்டிருந்தோம். அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, 'புளோ ஹோல்' என்றுதான் கத்தினார். கூலிக்காகப் பேசுகிறான் என்று பெயர் வாங்க யாருக்குத்தான் பிடிக்கும்? முதலாளியிடம் நான்கு முறை நடந்து, துளை விழுந்த வார்ப்புக்கும் அதுவரை கடைந்த வேலைக்குக் கூலி உண்டு என்று ஆக்கினேன். அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு ஈட்டிலும் இரண்டு கேசிங்கை முதலிலேயே வெட்டிப் பார்த்துச் சொல்கிறோம் என்று லேத்காரர்களே முன்வந்தார்கள்.

பிற்பாடு ஒரு தரப் பயிற்சி வகுப்பில் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையைப் பற்றிச் சொன்னார்கள். தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் ஓயாத தகராறு என்று பெயரெடுத்த ஆலை. ஜெனரல் மோட்டார்ஸ் அதை 1982இல் மூடியது. 1984இல் டொயோட்டாவோடு சேர்ந்து திறந்தார்கள். புது ஆட்களைப் பிடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை, பெரும்பாலும் பழைய ஆட்கள், அதே தொழிற்சங்கம். மாறியது வேலை நடக்கும் விதம். வரிசையின் மேலே ஒரு கயிறு. குறை கண்டவர் யாரானாலும் இழுக்கலாம். இழுத்தால் குழுத் தலைவர் ஓடி வருவார், அங்கேயே தீராவிட்டால் வரிசை நிற்கும். சில ஆண்டுகளிலேயே தரத்தில் பேர் வாங்கிவிட்டது அந்த ஆலை. டொயோட்டாக்காரர்களுக்கு அந்த யோசனை தறியிலிருந்து வந்தது. நூல் அறுந்தால் தானே நிற்கும் தறியைச் செய்தவர் சாகிச்சி டொயோடா. மில்லில் வேலை பார்த்த உன் பாட்டியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "நூல் அறுந்தால் தறி நிற்கத்தானே வேண்டும்?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை மடிக்கப் போய்விட்டார்.

கயிற்றைக் கட்டுவது சுலபம். இழுத்தவனை முறைத்தால் மறுநாள் எவனும் இழுக்க மாட்டான். எங்கள் லேத்காரருக்குக் குறையைக் காட்டினால் கூலி போனது. உன் குவாலிட்டிக்காரருக்கு என்ன போகிறது? மாதக் கடைசியில் ஒரு லாட்டை நிறுத்தினால் "டிஸ்பாட்சைக் கெடுத்தவர்" என்ற பேரா? அசெம்ப்ளிக்காரருக்கு? உதிரிபாகம் இருபதாம் தேதிக்கு மேல்தான் வந்து சேருகிறது என்று நீ ஒருமுறை சொன்ன ஞாபகம். அப்படியானால் முப்பது நாள் வேலையைப் பத்து நாளில் திணித்துவிட்டு, திணித்தவர் யாரோ எங்கோ உட்கார்ந்திருக்க, இவர்கள் இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கிறார்கள். இது என் ஊகம்தான். தேதியைச் சுழித்துப் பார், எந்தப் பாகம், எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் பக்கத்தில் எழுது.

சத்தம் அடங்கினால் போதும் என்று மட்டும் நினைக்காதே. ஒருமுறை எங்கள் முதலாளி, தொல்லை வேண்டாம் என்று இன்ஸ்பெக்டரை உற்பத்தி மேனேஜருக்குக் கீழே போட்டார். ஒரே வாரத்தில் ஆலை கோயில் மாதிரி ஆகிவிட்டது. நாங்கள்கூட மகிழ்ந்தோம். ஆறு மாதம் கழித்து விவசாயிகளிடமிருந்து பம்புகள் வண்டி வண்டியாகத் திரும்பி வந்தன. அனுப்பு என்பவரும் நிறுத்து என்பவரும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டிய இடம் அது. அசிங்கமாக இழுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் உன் வேலை. உடைந்த பாகத்தை மேசையில் வைத்து, இருவரையும் பக்கத்தில் நிறுத்தி, அதைப் பார்த்துப் பேசச் சொல். எங்களுக்கு அது காலை எட்டரை மணி, கையில் ஒரு சாக்குக்கட்டி.

ஒன்றை மட்டும் இதோடு சேர்க்காதே. எங்களிடம் ஒருவர் கோர் செய்யும் பெண்களைச் சாதி சொல்லி ஏசுவார். அதையும் இரண்டு பிரிவுக்கு இடையிலான உரசல் என்று நான் ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். இரண்டு பெண்கள் வேலையை விட்டுப் போன பிறகுதான் அவரை அனுப்பினேன். அன்றைக்கே செய்திருக்க வேண்டியது. இப்போதும் அந்தப் பெண்களில் ஒருவரைச் சந்தையில் பார்த்தால் எனக்குப் பேச வார்த்தை வருவதில்லை.

பொங்கலுக்கு வரும்போது நீ சுழித்த தேதிகளைக் கொண்டு வா, சேர்ந்து பார்க்கலாம். அம்மா கச்சாயம் சுட்டுப் பார்சல் அனுப்பியிருக்கிறாள். இந்த மாதம் அவரை மாற்றாமல் இருந்தால் குவாலிட்டிக்காரருக்கும் இரண்டு கொடுக்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா