முதலுதவிச் சான்றிதழ்களுக்குக் காலாவதித் திகதி வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டிச் சேவை 2018 ஜூலையில் வடமாகாணத்துக்கு விரிவாக்கப்பட்டது எங்களுக்குக் கிடைத்த பெரும் ஆறுதல். எனினும் வண்டி வந்து சேரும்வரை, அதிலும் படகுக்குக் காத்திருக்க வேண்டிய நெடுந்தீவு போன்ற இடங்களில், நோயாளியின் பக்கத்தில் நிற்பவர் எப்போதோ முதலுதவி பழகிய ஊர்த் தொண்டர் ஒருவரே. அவர் கையிலுள்ள சான்றிதழ்களில் நான் கண்ட பலவற்றில் பயிற்சித் திகதி இருக்கிறது. காலாவதித் திகதி இல்லை.

அண்மையில் இத்தகைய தொண்டர்கள் சிலரைப் பயிற்சிப் பொம்மையில் நெஞ்சை அழுத்திக் காட்டும்படி கேட்டோம். இதயம் நின்றுபோன வளர்ந்தவர் ஒருவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஒருவரின் உள்ளங்கை நெஞ்செலும்பை விட்டு வயிற்றுப் பக்கம் இறங்கியிருந்தது. இன்னொருவர் முழங்கையை மடித்தே அழுத்தியதால் பொம்மையின் நெஞ்சு அசையவேயில்லை. அவர்களில் பிழையில்லை. பழகாத கை சில மாதங்களிலேயே தளர்ந்துவிடும் என்பது ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிய உண்மை.

கற்பித்தவையும் மாறிவிடுகின்றன. பாம்பு கடித்த காலை இறுகக் கட்டுவதும் கடிவாயைக் கீறுவதும் கூடாதென்று வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தும், கட்டிய இடத்துக்குக் கீழே இரத்தோட்டம் நின்று தசை அழுகும் ஆபத்தை அறியாமல், கயிற்றால் இறுக்கியபடியே நோயாளியைக் கொண்டுவருவோர் இன்னும் இருக்கிறார்கள். இதனை ஒரு காலத்தில் முதலுதவி வகுப்பிலேயே படித்தவர்களும் உண்டு.

அமெரிக்காவின் தேசியப் பதிவேட்டில் உள்ள முதல்நிலை அவசர மருத்துவ உதவியாளர் 2 வருடங்களுக்கொருமுறை 16 மணித்தியாலத் தொடர்கல்வியை முடித்துத் தம் சான்றிதழைப் புதுப்பிக்கிறார்; அடுத்த நிலையில் உள்ளவருக்கு அது 40 மணித்தியாலம். சம்பளமின்றி உதவும் எங்கள் தொண்டர்களிடம் அவ்வளவையும் எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஒரு நாள் மீள்பயிற்சியும், பொம்மையில் செய்து காட்டும் பரீட்சையும், சான்றிதழின் முகப்பிலேயே 2 வருடக் காலாவதித் திகதியும் போதும். விரிவுரையைக் கேட்டுக் கையொப்பமிட்டுவிட்டுச் செல்வதைப் புதுப்பித்தலாகக் கொள்ளவே கூடாது.

இம்மீள்பயிற்சி தமிழில், யாழ்ப்பாணத்திலேயே, வேலைக்குச் செல்வோருக்கும் வசதியான விடுமுறை நாளில், கட்டணமின்றி நடைபெற வேண்டும். குறிகட்டுவானிலிருந்து தீவுகளுக்குச் செல்லும் படகுப் பணியாளர்களையும் தூர இடங்களுக்கு ஓடும் பஸ்களின் நடத்துநர்களையும் முதற்கட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுமாறு வடமாகாண சுகாதார அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
வேலணை.