பொங்கல் வரை பொறுக்கக் கூடாதா?

ஐயா,

சாயல்குடிப் பக்கம் பனையேறியவன் நான். இப்போது முட்டிவலி, கீழே நின்று பார்ப்பதோடு சரி. ஐப்பசி மழைக்குப் பின் எங்கள் கண்மாய்க் கரையில் தூக்கணாங்குருவி கூடு கட்டும். பின்னுவது ஆண்தான். பாதிக் கூட்டில் தொங்கிச் சிறகடித்துக் கூப்பிடும். பெட்டை உள்ளே போய்ப் பார்த்து, பிடிக்காவிட்டால் பறந்துவிடும். மாப்பிள்ளை பாடு!

போன வாரம் கரையைச் சுத்தம் செய்கிறோமென்று, தண்ணீர்ப் பக்கம் சாய்ந்த கருவேலத்தை ஜேசிபியால் தள்ளினார்கள். 11 கூடுகள். ஒன்றின் உள்சுவரில் அப்பிய களிமண் இன்னும் காயவில்லை. இன்னொன்றில் வெள்ளை முட்டை இரண்டு, உடைந்து.

எங்கள் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயங்களான சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறின. எங்கள் கண்மாய்க்கு அந்தப் பெயர் இல்லை, சரி. முட்டை பொரிக்க இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மூன்று வாரம். மிச்ச மரங்களையாவது பொங்கல் கழித்துத் தொடலாமே.

ஒரு பனைத் தொழிலாளி,
சாயல்குடி வட்டாரம்