கழுகுக் கூட்டை ஆடியில் தேடினால் கிடைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'காற்றாலையா, கழுகா' என்று கேட்கும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம், எந்த மாதத்தில் போய்ப் பார்த்து எழுதினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. நான் மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். காற்றாலைகள் நிறைந்த கயத்தாறு பக்கமும் சில வருடம் இருந்திருக்கிறேன். காற்றாலை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில் என்று எங்கள் வேலூரைக் கேலி செய்வார்கள். (சாமி 1981-லேயே கோட்டைக்குள் திரும்பிவிட்டார். மற்ற இரண்டும் அப்படியேதான்.) மரம் இல்லையென்றால் அதிகாரிகள் கண்ணுக்கு அது வெறும் தரிசு. ஆனால் ராஜாளிக் கழுகு தேடுவதே அந்த மாதிரி செங்குத்துப் பாறையைத்தான். கீழேயிருந்து பார்த்தால் முதலில் கூடு தெரியாது. பாறையில் சுண்ணாம்பு ஊற்றியதுபோல் எச்சம் வழிந்திருக்கும். அதைப் பிடித்து மேலே போனால் ஒரு பொந்திலோ விளிம்பிலோ சுள்ளிக் குவியல், நடுவில் பச்சை இலை. வருடா வருடம் அதே கூட்டைத்தான் சீர்செய்து கொள்ளும்.

பெரும்பாலும் கார்த்திகை, மார்கழியில் முட்டை வைக்கும். ஒன்று அல்லது இரண்டுதான். அடைகாக்க சுமார் 40 நாள், குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதம். ஆக பங்குனி வரை கூட்டில் ஆள் உண்டு. காற்று சீசனோ வைகாசியிலிருந்து புரட்டாசி வரை. பலத்த காற்றில் கிரேன் வைத்துக் காற்றாலைக்கு இறக்கை மாட்ட முடியாது. அதனால் பாறைக்கு வெடி வைப்பது, லாரிக்குப் பாதை போடுவது, டவர் ஏற்றுவது என்று பெரிய வேலைகளைக் காற்றடங்கிய மாதங்களில்தான் வைத்துக்கொள்வார்கள். சரியாகக் குஞ்சு இருக்கும் நேரம்! அப்புறம் ஆடியில் போய்க் கணக்கெடுத்தால் 'பறவை எதுவும் இல்லை' என்றுதானே அறிக்கை வரும்?

2006-ஆம் வருட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் காற்றாலைக்குச் சுற்றுச்சூழல் முன்அனுமதியே தேவையில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கலிபோர்னியாவில் ஆல்டமான்ட் கணவாயில் பொன்னிறக் கழுகுகள் ஏராளமாக அடிபட்டுச் செத்த பிறகுதான், பழைய சின்ன இயந்திரங்களை எடுத்துவிட்டு, கழுகு பறக்கும் வழியைப் பார்த்துக் குறைந்த எண்ணிக்கையில் பெரியவற்றை வைத்தார்கள். நார்வேயில் ஸ்மோலா தீவில் காற்றாலையின் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்குக் கறுப்பு வண்ணம் அடித்துப் பார்த்ததில் பறவைச் சாவு சுமார் 70 சதவீதம் குறைந்தது. நம் அரசும் பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க 2024-இல் கொள்கை கொண்டுவந்திருக்கிறது. எப்படியும் பழையதை மாற்றப் போகிறவர்கள் கழுகையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மாற்றலாமே.

என் தொழில் சம்பந்தமாக ஒன்று. காற்றாலையிலிருந்து கரண்டை எடுத்துப் போகும் லைனையும் கவனிக்க வேண்டும். கிராஸ் ஆர்மில் (கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில்) உட்காரும் கழுகு இறக்கையை விரித்து இரண்டு கம்பியைத் தொட்டால் அங்கேயே முடிந்தது. ஜம்பர் கம்பிக்கு (கம்பத்தில் லைனை இணைக்கும் சிறு கம்பிக்கு) உறை போடுவது அப்படியொன்றும் பெரிய வேலையில்லை.

முப்பந்தல் மாதிரி காற்றாலைக் காடு எங்கள் பக்கம் இல்லை. அதனால்தான் இப்போதே கேட்கிறேன். பழைய வடாற்காட்டின் பாறை மலைகளை வனத்துறை வரும் மார்கழி, தை மாதங்களில் பார்த்து, கூடுள்ள இடங்களை வரைபடத்தில் குறித்து வைக்கட்டும். காற்றாலையோ, டவர் லைனோ, கல்குவாரியோ, எது வந்தாலும் டெண்டருக்கு முன்பு அந்த வரைபடம் மேசையில் இருக்க வேண்டும். பாலமதிப் பக்கம் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். முட்டி வலியால் மேலே ஏற முடியாது, அடிவாரத்திலிருந்து பைனாகுலரில் காட்டுகிறேன்.

ஓய்வுபெற்ற மின்வாரிய ஃபோர்மேன்,
பாகாயம், வேலூர்.