மழைத்தோட்டத்துப் பள்ளத்தைத் திரும்பத் தோண்டிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கும் பூங்காப் பராமரிப்புப் பிரிவினருக்கும் வணக்கம்.

ரேஷன் கடையை ஒட்டிய சிறு பூங்காவில் உங்கள் அனுமதியோடுதான் அந்த மழைத்தோட்டம் அமைந்தது; ஓடிவரும் மழைநீரைச் செடிகள் வைத்த பள்ளத்தில் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் தோட்டம் அது. வரைபடமும் அளவுகளும் உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. போன வாரம் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து, வெட்டிவேரையும் நொச்சியையும் புதர் என்று அடியோடு வெட்டினார்கள். பள்ளத்தில் கிராவல் மண்ணைக் கொட்டி, ரோலர் ஓட்டி, மேலே கொரியன் புல்லை விரித்துவிட்டுப் போனார்கள். செடிகளின் பெயர்ப்பலகைகளை மட்டும் விட்டுவைத்தார்கள். நீர்முள்ளி என்று எழுதிய பலகையின் கீழே இப்போது புல்பாய் கிடக்கிறது.

மறுநாள் பெய்தது அரைமணி நேர மழைதான். சமுதாயக் கூடத்து மொட்டைமாடித் தண்ணீரும் சாலைத் தண்ணீரும் வழக்கம்போலப் பூங்கா வாய்க்கு வந்தன. உள்ளே இறங்க இடமில்லாமல் செக்கச்செவேலென்று கலங்கித் திரும்பி, ரேஷன் கடை வாசலில் கணுக்கால் அளவுக்கு நின்றன. வரிசையில் நின்றவர்களுக்கு அரிசிப் பையைக் கீழே வைக்க வழியில்லை. எடை போட்டு வாங்கியவர்கள் இடுப்பிலும் தோளிலும் பையைச் சுமந்தபடி, கைரேகை பதியாமல் உள்ளே மாட்டிக்கொண்ட வீட்டாருக்காகச் சேற்றிலேயே காத்திருந்தார்கள். கடையின் இரண்டாம் படியில் அந்தச் சேற்றுக்கோடு இன்னும் இருக்கிறது. தயவுசெய்து ஒருமுறை நேரில் வந்து பாருங்கள்.

இது எதிர்பாராமல் நடந்ததல்ல, கணக்குப் போட்டாலே தெரிந்திருக்கும். மாடியும் சாலையும் சேர்ந்து 400 சதுர மீட்டர். 25 மி.மீ. மழைக்கு அதில் விழுவது 10,000 லிட்டர். தோட்டத்தின் பரப்பு 40 சதுர மீட்டர், பள்ளத்தின் ஆழம் 20 செ.மீ. ஆக, ஒரே நேரத்தில் 8,000 லிட்டர் அதில் நிற்கும். அடியில் மணலும் தொழுவுரமும் கலந்த மண் இருந்ததால் மணிக்கு 2.5 செ.மீ. உறிஞ்சியது, அதாவது மணிக்கு 1,000 லிட்டர். நிரம்பிய பள்ளமும் எட்டு மணி நேரத்தில் வற்றிவிடும். அந்த இடத்தில் களியும் சரளையும் கலந்த மண்ணைப் போட்டு ரோலர் ஓட்டினால் தண்ணீர் எங்கே போகும்?

கொசு வரும் என்று புகார் வந்ததாகச் சொன்னீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் கொசு முட்டை பொரிந்து, புழுவாகி, பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் வேண்டும். எட்டு மணி நேரத்தில் வற்றும் பள்ளத்தில் அது நடக்காது. ரோலர் ஓடிய மண்ணில் புல்பாயின் ஓரத்தில் இன்றும் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கொசுவுக்கு அதுதான் வசதி.

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் பள்ளத்தைத் திரும்பத் தோண்டிக் கொடுங்கள். எடுக்க வேண்டிய மண் ஏறத்தாழ மூன்றரை யூனிட்தான் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி). ஜேசிபியைப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டாம், அதன் எடையே அடிமண்ணை இறுக்கிவிடும். ஓரத்தில் நின்று மண்வெட்டியால் எடுக்கட்டும். கிராவலோடு நிறுத்தாமல், அதன் அடியில் உள்ள பழைய கலவையிலும் ஐந்து செ.மீ. எடுக்க வேண்டும்; களித்தூள் அதற்குள் இறங்கியிருக்கும். பிறகு கடப்பாரையால் ஓர் அடி ஆழம் நெகிழ்த்தி, மூன்று பங்கு மணல், ஒரு பங்கு மேல்மண், ஒரு பங்கு மக்கிய உரம் கலந்து, 20 செ.மீ. பள்ளம் மிஞ்சும்படி நிரப்பி, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய்) வைத்து அடியைச் சமமாக்கினால் போதும். சாய்வாக விட்டால் ஒரே மூலையில் தண்ணீர் தேங்கி, அங்குள்ள செடி மட்டும் அழுகும்.

செடி வைக்கும் முன் ஓரடிக் குழி ஒன்று எடுத்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முதல் தடவை காய்ந்த மண் மடமடவென்று குடித்துவிடும், அதை நம்பக் கூடாது. வற்றியபின் இரண்டாம் தடவை ஊற்றி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தால்தான் உண்மை தெரியும்.

உள்வாயில் இருந்த வண்டல் குழியையும் மூடிவிட்டார்கள். இரண்டடிக்கு இரண்டடி, ஒன்றரை அடி ஆழம். சாலை மண்ணும் பிளாஸ்டிக்கும் அங்கேயே தங்கும். மாதம் ஒருமுறை அள்ளினால் தோட்டம் தூர்ந்துபோகாது. எதிர்க்கோடியில் இருந்த கலிங்கைக் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். பெருமழையில் மிஞ்சும் தண்ணீர் வடிகாலுக்குப் போக அது ஒன்றுதான் வழி. ஏரிக்குக் கலிங்கு எதற்கு என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செடிகளும் அழகுக்காக வைத்தவை அல்ல. பள்ளத்தின் அடியில் நிற்பது விடாத அடைமழையில் இரண்டு நாள் தண்ணீரையும் தாங்க வேண்டும், சித்திரை வெயிலையும் தாங்க வேண்டும். வெட்டிவேரும் கோரையும் நீர்முள்ளியும் தாங்கும். சரிவில் பொடுதலை படர்ந்து மண்ணைப் பிடிக்கும். மேட்டில் ஆவாரையும் தும்பையும் எருக்கும். அந்த எருக்கிலையில் வெந்தயவரியன் பட்டாம்பூச்சியின் புழுக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள். இலையில் ஓட்டை விழுந்ததால் நோய் என்று நினைத்து வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய தொழிலாளர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. எது செடி, எது களை என்று அவர்களுக்கு யாருமே காட்டித்தரவில்லை. அரைநாள் போதும், நாங்களே காட்டித்தருகிறோம்.

ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. 2003-இல் இந்த மாநிலத்தில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். குழி எடுக்காத வீட்டுக்குக் குடிநீர் இணைப்பை நிறுத்துவோம் என்றார்கள். அந்தக் கடமை பூங்காவுக்கும் தெருவுக்கும் கிடையாதா? தெருவெல்லாம் சிமெண்ட் போட்டு, மரத்தின் கழுத்துவரை பேவர் கல்லைப் பதித்து, தண்ணீர் குடிக்க மரத்துக்கு ஒரு சாண் மண்கூட விடுவதில்லை. கொரியன் புல்லுக்கோ தினமும் லாரித் தண்ணீர். மழைத்தண்ணீரை வெளியே துரத்திவிட்டுக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறோம்.

மன்னிக்கவும், சொல்ல வந்ததை விட்டு வேறெங்கோ போய்விட்டோம். பணிவோடு கேட்பது இதுதான்: பள்ளத்தைத் திரும்பத் தோண்டிக் கொடுங்கள், புரட்டாசி முடிவதற்குள் கொடுங்கள். நாற்று உங்கள் செலவில் வேண்டாம். வெட்டுப்பட்ட வெட்டிவேர்த் தூர்களைச் சாக்கில் சுற்றி, நனைத்து, நிழலில் வைத்திருக்கிறோம். குருத்து இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனால் அதிக நாள் தாங்காது. மண் எடுக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லுங்கள், அளவுகோலோடும் டியூப் லெவலோடும் வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
மழைத்தோட்டக் குழுவினர்